அந்தப் பக்கத்துச் சோறு

"போட்டிருக்க."

"போடல."

"ஏட்டி, என் நாக்கு பொய் சொல்லுமா? உப்பு போட்டிருக்க."

"உங்க நாக்குக்கு ஆறு மாசமா ருசியே கெடையாது, இப்ப மட்டும் எப்பிடி..."

"அதான் சொல்லுதேன்! ஆறு மாசமா உப்புப் படாத நாக்கு. ஒரு கல்லு விழுந்தாலும் சுள்ளுன்னு..."

"ஒரு கல்லும் விழல. வேணும்னா பானையை நக்கிப் பாருங்க."

"பானையை எதுக்கு நக்கணும்? கால் சொல்லுதே. இந்தா, அழுத்து. அழுத்துட்டி! குழி விழுதா இல்லையா?"

சுவருக்கு அந்தப் பக்கம் மைனியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"வாயைத் தொற. குழி விழுதா?"

"விழுது."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி விழுந்துச்சா?"

"பனியில நின்னுருப்பிய."

"பனியில நின்னா சளி பிடிக்கும். கால் வீங்குமா?"

தட்டு வாசலில் வந்து விழுந்தது. லயத்து நாய் ஓடிவந்து மோந்து பார்த்து, தின்ன ஆரம்பித்தது. அதைப் பார்த்து நான்தான் பயந்தேன். ஆறு மாதமாக அந்த வீட்டுச் சோற்றை அந்த நாய் தொட்டதில்லை. உப்பில்லாத சோறு என்றால் நாய்கூடத் திரும்பிப் போய்விடும். இன்று வழித்து நக்கியது.

சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அவர்கள் அடுப்புப் புகை எங்கள் வீட்டில் இறங்கும், எங்கள் பேச்சு அவர்கள் வீட்டில் இறங்கும். அந்தப் பக்கம் பெரியமுத்து அண்ணனும் சாந்தம்மாள் மைனியும். இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியும். அவர் பாக்டரியில் மிஷின் பார்க்கிறவர். எனக்குத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இல்லை. இரண்டு மாடு வைத்திருந்தேன், பகலெல்லாம் வீட்டோடுதான். நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரி, அவர்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறினவர்கள். அண்ணி என்பதை அவர்கள் வழக்கப்படியே 'மைனி' என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

நாய் தட்டை நக்கிக்கொண்டிருந்தபோது நான் என் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். ஏனென்றால் அந்த வீட்டு உப்புப் பானை என் வீட்டில் இருந்தது.

*

அந்தப் பானை ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடியில் வந்தது. என் வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பெரியமுத்து அண்ணன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தேழு வயது. கால் இரண்டும் பனங்கிழங்கு மாதிரி மினுமினுவென்று இருந்தது. டாக்டர் மலையாளத்துக்காரர். பெருவிரலால் முழங்காலுக்குக் கீழே ஓர் அழுத்து அழுத்தினார். விரலை எடுத்தும் குழி அப்படியே நின்றது, மாவில் அழுத்தின மாதிரி.

"உப்பு வேண்டா. உணக்கமீன் வேண்டா. சாராயம் ஒட்டும் வேண்டா. தெவசம் நடக்கணும்."

கம்பவுண்டர் ஏசுரத்தினம் அதைத் தமிழில் சொன்னார். "ரத்தக் கொதிப்பு ஐயா உமக்கு. உப்பு, கருவாடு, சாராயம் மூணும் கூடாது. காலையில எந்திரிச்சு நடக்கணும்."

"எத்தனை நாளைக்குய்யா?"

"நாளா? இருக்கிற வரைக்கும்."

"உப்பு இருக்கிற வரைக்குமா, நான் இருக்கிற வரைக்குமா?"

"உப்பு எப்பவும் இருக்கும்யா. நீர்தான் இருக்கணும்." கம்பவுண்டர் சிரிக்கவில்லை. "இதையே ஏழு பேருக்குச் சொல்லிட்டேன். ஒருத்தரும் ஒரு மாசம் தாண்டல. உம்ம கூட்டாளி மொக்கையன் ஒம்பது நாளு. பத்தாம் நாளு வீட்டுல கருவாட்டுக் குழம்பு கொதிச்சிருக்கு, உக்காந்து தின்னுட்டான்."

"நான் தாண்டுவேன்."

"பாப்போம்."

பெரியமுத்து அண்ணன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் இதன் பாரம் புரியும். வட்டவடைப் பூண்டை நெருப்பில் சுட்டு, ஒரு கல் உப்போடு வாயில் போட்டுக் கடித்துக்கொண்டு கஞ்சி குடிப்பார். மாங்காய் கிடைக்காத காலத்தில் வெறும் உப்பைச் சப்புவார். போடிச் சந்தையில் கருவாடு வாங்கினால் மலையேறி வருவதற்குள் பச்சையாகவே இரண்டைத் தின்றுவிடுவார். அந்த ஆள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து மைனியிடம் சொன்னது சுவருக்கு மேலே கேட்டது.

"உப்புப் பானையை எங்கயாச்சும் கொண்டுபோய் வச்சிரு. நான் பாக்கக் கூடாது."

மைனி அதை என்னிடம் கொண்டு வந்து தந்தாள். "கமலாத்தா, இது ஒன் வீட்டுலயே இருக்கட்டும். அவுக வந்து கேட்டாலும் குடுக்காத. காலுல விழுந்தாலும் குடுக்காத."

"விழ மாட்டாருங்க மைனி."

"நீ அந்த மனுசனைக் கண்டிருக்கியா?"

முதல் மூன்று வாரம் அந்தப் பக்கத்தில் ஒரே ரகளை. "சோறா இது, வைக்கோலை வேக வச்சிருக்க." "வைக்கோல் தின்ன மாடு நல்லாத்தான இருக்கு?" "மாட்டுக்குக்கூடத் தொட்டியில உப்பு போடுதாளே கமலாத்தா!" லயத்தில் எல்லாருக்கும் வேடிக்கை. மொக்கையன் வாசலில் நின்று, "என்ன மாமா, இன்னிக்கு உப்பில்லாப் புளியா, புளியில்லா உப்பா?" என்று கேட்டுவிட்டு ஓடுவான். அவரும் கல்லை எடுத்து எறிவார்.

ஆனால் காலையில் நடந்தார். இராத்திரியெல்லாம் பாக்டரி மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே பாறைத் திருப்பம் வரை நடந்து திரும்புவார். அதற்குள் மைனி சோறு பொங்கி வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிருப்பாள். அவர் வந்து தூங்கி, மத்தியானம் எழுந்து, தனியாகப் போட்டுச் சாப்பிடுவார்.

மூன்று வாரத்துக்குப் பிறகு ரகளை நின்றது. திட்டுகிற சத்தமே இல்லை. ஒரு நாள் மத்தியானம் நான் மாட்டுக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அண்ணன் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் போடவா?"

பேச்சு நின்றது. ஒரு ஆள் பதில் சொல்லுகிற அளவுக்கு நின்றது.

"வெக்கப்படாத. இருக்கு பானையில."

மறுபடி நின்றது.

"மெதுவா. மெதுவாத் தின்னு. யாரும் பறிச்சிற மாட்டாக."

பிறகு சிரித்தார். அவ்வளவு மெதுவாக அந்த மனுஷன் பேசி நான் கேட்டதே இல்லை. மைனி இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி கழித்து வாசலுக்கு வந்தால், மேட்டில் மைனி கொழுந்துக் கூடையோடு வரிசையில் நிற்கிறாள். நிறுவை இன்னும் தொடங்கவே இல்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"வயசானா தனியாப் பேசுவாங்க," என்றார்.

"பேசட்டுங்க. பதிலுக்கு நிக்கிறாரே?"

"நீ ஏன் அந்தச் சுவத்துக்கிட்டயே நிக்கிற?"

மார்கழியில் உறைபனி விழுந்தது. ஒரு காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு பாறைத் திருப்பம் பக்கம் போனேன். புல்லெல்லாம் வெள்ளை. நடுவில் அண்ணன் நடந்த தடம் பச்சையாகத் தெரிந்தது, பெரிய செருப்புத் தடம். அதை ஒட்டியே இன்னொரு தடம் போயிற்று. சின்னப் பாதம், செருப்பில்லாதது, ஐந்து விரலும் பதிந்திருந்தது. திருப்பம் வரைக்கும் இரண்டும் சேர்ந்து போய், சேர்ந்தே திரும்பியிருந்தன. மாடு அந்த இடத்தில் நின்றுகொண்டது. அடித்தும் தாண்டவில்லை. வேறு வழியாகத்தான் ஓட்டிப் போனேன்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அவர் காலை அழுத்திப் பார்த்தாராம். குழி இல்லை.

"எப்படிய்யா முடிஞ்சிது உமக்கு?"

"தொணை இருக்குல்லா," என்றாராம் அண்ணன்.

மைனியைச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

*

தட்டை வெளியே எறிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் கோபத்தில் எங்கேயோ போய்விட்டார். மைனி மாட்டுக் கொட்டகைக்கு வந்து, நான் பால் கறக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, நீங்க ரெண்டு வாரமா வாங்கிட்டுப் போன உப்பு..."

"ஆமா."

"உங்களுக்குத் தனியாக் குழம்பு வைக்கோணும்னு சொல்லித்தானுங்க வாங்கினீங்க?"

"பொய் சொன்னேன்."

என் கை மடியிலேயே நின்றுவிட்டது. "ஏனுங்க மைனி இப்படிப் பண்ணுனீங்க? அவரு உசிரு இல்லீங்களா?"

"உசிருக்காகத்தான் போட்டேன்." அவள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க ஊருல செத்தவுகளுக்கு எட்டாம் நாளு சோறு வைப்பாகளா?"

"வைப்பாங்க."

"உப்பு போட்டா, போடாமயா?"

"கவனிச்சதில்லீங்க."

"எங்களுக்குப் போடக் கூடாது. உப்பு போட்டா அது இந்தப் பக்கத்துச் சோறு. போடலன்னா அந்தப் பக்கத்துச் சோறு. உப்புப் பட்டதை அவுக தொட மாட்டாக. தொடவும் முடியாது." குரல் இறங்கிவிட்டது. "எங்க அக்கா பூமாரி இருந்தாள்லா..."

பூமாரி அண்ணனுடைய முதல் சம்சாரம். இந்த லயத்திலேயே இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் செத்துப்போனவள். அவள் தங்கைதான் சாந்தம்மாள் மைனி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

"அக்காவுக்கு எட்டாம் நாளு சோறு பொங்கினது நான். பதினெட்டு வயசு எனக்கு. அழுதுகிட்டே பொங்கினேன். கை அது பாட்டுக்கு உப்பை அள்ளிப் போட்டிருக்கு. படைச்சு, கும்பிட்டு, எல்லாரும் வீட்டுக்குத் திரும்புன பெறகு, கையில ஒட்டியிருந்த பருக்கையை நாக்குல வச்சேன். உப்பு."

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"சொன்னா மறுபடி பொங்கச் சொல்லுவாக. அரிசி ஏது அப்ப? அடிப்பாக. பயந்து இருந்துட்டேன். ரெண்டு மாசத்துல என்னை அவருக்கே கட்டி வச்சாக. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்லுவேன்? அவ பட்டினியா போனா, நான் அவ வீட்டுல ஒக்காந்து தின்னேன்."

மாடு காலை மாற்றி வைத்தது. பால் சொம்பு கவிழப் பார்த்தது.

"இருவத்தஞ்சு வருசமா எங்க வீட்டுல உப்பில்லாச் சோறு பொங்கினதில்ல, கமலாத்தா. ஆடியிலதான் மொதமொதல்ல பொங்கினேன். தெனமும் பொங்கினேன். அவளுக்கு வாசக்கதவைத் தொறந்து வச்சது நான்தான்."

"நீங்க பாத்தீங்களா?"

"அட்டை கடிச்சுக் காலு ரத்தமா ஓடுச்சு, கங்காணி வீட்டுக்குப் போகச் சொன்னாரு. வாசல்ல நின்னு பாத்தேன். அவரு தட்டுல சோத்தை ரெண்டு பாகமா வகுந்து வச்சிருக்காரு. கிட்டத்துப் பாகத்தை அவரு அள்ளித் திங்காரு. எதுத்த பாகம் கொறையுது. அவரு கை அங்கன போகல. ஒரு பிடி எடுத்தாப்ல குழி விழுது, சரியுது, மறுபடி குழி விழுது." அவள் தன் பெருவிரலைப் பார்த்தாள். "டாக்டர் அவரு கால்ல அழுத்துன மாதிரி."

"அண்ணன் பயப்படலீங்களா?"

"பயமா? சிரிச்சிக்கிட்டுல்லா இருந்தாரு. எங்கிட்ட ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்ல." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சோத்துக்கு வந்தவ சோத்தோட போவாளா? ஆளையும் கூட்டிக்கிட்டுத்தான் போவா. அதான் உப்பைப் போட்டேன். பொடிச்சு, கொஞ்சங்கொஞ்சமா. அந்த ரெண்டு வாரமும் அவ வரல. நீயே கேட்டிருப்ப, பேச்சு இருந்துச்சா?"

இல்லை. இரண்டு வாரமாக அந்தப் பக்கம் மத்தியானத்தில் தட்டுச் சத்தம் மட்டும்தான்.

"ஆனா காலு வீங்கிருச்சுங்களே மைனி. உப்பு போட்டா அவுங்க வரமாட்டாங்க, அண்ணன் போயிருவாரு."

"போடலன்னா அவ வந்து கூட்டிட்டுப் போயிருவா. ரெண்டு பக்கமும் ஒரே எடத்துக்குத்தான் வழி."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த உப்பு என் கையால் கொடுத்தது.

"மைனி, அவுங்களுக்கு வேண்டியது அண்ணன் இல்லீங்க. அந்த எட்டாம் நாள் சோறுதானுங்க? அதை இப்ப வச்சா என்னுங்க?"

*

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் வைத்தோம். அதற்குள் மைனி உப்பை நிறுத்தியிருந்தாள், அந்தப் பக்கம் மத்தியானப் பேச்சு மறுபடி கேட்டது. அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியக் கூடாது என்று மைனி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குளிரில் வாழை வராது. போடிச் சந்தைக்குப் போனவர்களிடம் சொல்லி இலை வாங்கியிருந்தோம். லயத்துக்குப் பின்னால், பழைய புதைகாட்டுக்குப் போகிற வழியில், புது மண்பானையில் மைனியே பொங்கினாள். மூன்று தடவை என் வாயில் ஒரு பருக்கை போட்டு, "உப்பு இருக்கா? இருக்கா?" என்று கேட்டாள். "இல்லீங்க மைனி, சப்புன்னு இருக்குது," என்று நானும் மூன்று தடவை சொன்னேன்.

இலை போட்டு, சோறு வைத்து, தண்ணீர் விளாவினாள். "யக்கா, அன்னைக்குப் பண்ணுன தப்புக்கு இது," என்றாள்.

காக்கைக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டமாக ஏறி வந்தது. எங்களை மூடி, இலையை மூடி, பக்கத்தில் நிற்கிற மைனியே எனக்குத் தெரியவில்லை. அவள் கையை மட்டும் பிடித்திருந்தேன். அந்த வெள்ளைக்குள் ஒரு சத்தம் கேட்டது. நீண்ட நாள் பசித்தவர்கள் சாப்பிடுகிறபோது வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் வருமே ஒரு மூச்சு, அது. மைனியின் கை ஜில்லென்று ஆகிவிட்டது. நான் அதை விடவில்லை. அவள் கைதானே என்று இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடி வளையல் இருந்தது, அவள்தான்.

மஞ்சு விலகினபோது இலை மடித்துக் கிடந்தது.

ஒரு பருக்கை இல்லை. கிழியவில்லை, கொத்தவில்லை. ஆள் சாப்பிட்டு எழுந்த மாதிரி, நடு நரம்பில் சரியாக மடித்திருந்தது. மைனி குனிந்து பார்த்தாள்.

"எந்தப் பக்கமா மடிச்சிருக்கா?"

"வெளிப்பக்கமாங்க."

கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள். உறவு தொடர வேண்டும், மறுபடி வருவோம் என்று அர்த்தம். இழவு வீட்டில் வெளிப்பக்கம் மடிப்பார்கள். இனி வர வேண்டாம் என்று.

"போயிட்டா," என்றாள் மைனி. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இறங்கி வருகிறபோது, "ராத்திரிக்கு எனக்கு ஒரு துண்டு கருவாடு குடு கமலாத்தா, ஒன் வீட்டுலயே தின்னுட்டுப் போறேன்," என்றாள்.

*

மறுநாள் புல்லில் ஒரே ஒரு தடம் இருந்தது. செருப்புத் தடம் மட்டும். அது பாதி வழியில் நின்று, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்து, திரும்பியிருந்தது.

அந்த வாரம் முழுக்க மைனி சந்தோஷமாக இருந்தாள். பானையில் ஒரு கல் விழவில்லை, நானே சாட்சி. ஆனால் சுவருக்கு மேலே வந்த பேச்சு வேறு மாதிரி.

"சோறா இது? மண்ணு."

"நேத்து வரைக்கும் தின்னியளே?"

"நேத்து தின்னேன்."

மாசி பிறந்தது. நடை நின்றுவிட்டது. "காலு வலிக்கி," என்றார். ஒரு நாள் மொக்கையன் வீட்டு வாசலில் அவர் கன்னம் அசைந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் அசைவதை நிறுத்திவிட்டார். கருவாட்டு வாசம் அவர் மூடின வாயையும் தாண்டி வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் விழுங்கவில்லை. நான் போகிற வரைக்கும் அப்படியே நின்றார், திருட்டுப் பூனை மாதிரி.

மைனி அன்றைக்கே என்னிடம் சொன்னாள்: "இனிமே நானும் உப்பில்லாமத்தான் திங்கப்போறேன். கூட ஒரு ஆளு தின்னா அவருக்குத் திங்கத் தோணும்லா?"

வேலைக்கு மத்தியானத்தோடு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடி வந்து அவர் எதிரில் உட்கார்ந்து தின்றாள். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்து விழுங்கினாள். ஒரு மாதம் தின்றாள். அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். பிறகு மொக்கையன் வீட்டுப் பக்கம் போவார்.

பங்குனியில் கம்பவுண்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். காலை அழுத்தினார். வயிற்றில் அழுத்தினார். அங்கேயும் குழி.

"எட்டு மாசம் தாண்டுன ஆளுய்யா நீரு! உம்மைக் காட்டித்தான் மத்தவங்களுக்கு நான் புத்தி சொன்னேன். என்னய்யா ஆச்சு?"

"தொணை போயிருச்சு."

"எதுத்தாப்ல நிக்கிறாங்களே உம்ம சம்சாரம்?"

கம்பவுண்டர் மைனியை வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் லயத்தில் மெதுவாகச் சொல்கிற இடம் ஏது. "நெஞ்சுக்கு ஏறிட்டு வருதும்மா. இன்னும் ஒரு மாசம் இப்படித் தின்னா, என்னைக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டுப் பிரயோசனம் இல்ல."

அவர் போன பிறகு சண்டை தொடங்கியது.

"ஏட்டி, ஒரு துண்டு கருவாடு சுடு."

"காது கேக்கலையா ஒங்களுக்கு? அவரு சொன்னது..."

"கேட்டுச்சு. சுடு."

"நான்தான் கூட இருக்கேன்லா? ஒரு மாசமா நானும் இந்த மண்ணைத்தான திங்கேன்? அது ஒங்களுக்குத் தொணையாத் தெரியலையா?"

"நீ முழுங்குத."

"முழுங்காம?"

"கண்ணை மூடிட்டு, மருந்து முழுங்குத மாதிரி முழுங்குத. ஒன்னைப் பாத்தா எனக்கு நோயாளின்னுதான் நெனப்பு வருது." அண்ணன் குரல் தாழ்ந்தது. "அவ அப்பிடித் திங்க மாட்டா."

என் பக்கத்தில் நான் அடுப்பில் ஊதுவதை நிறுத்தினேன்.

"எவ?" என்றாள் மைனி.

"ஒனக்குத் தெரியும். வாசல்ல நின்னு பாத்தேல்லா ஒரு நாளு, கால்ல ரத்தத்தோட. நானும் ஒன்னையப் பாத்தேன்."

மைனி தட்டை ஓரமாகத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் புள்ள எப்பிடித் தின்னா தெரியுமா? அந்த வெறுஞ்சோத்தை. பாயசம் மாதிரி. ஒரு பருக்கையை விட மாட்டா. விரலை நக்குவா. அவ திங்கிறதைப் பாத்தா எனக்குப் பசி எடுக்கும். இதே சோறு, இதே பானை. எனக்கு இனிச்சுது. காலையில வேலை முடிஞ்சு வெளிய வந்தா, வா நடப்போம்ன்னு நிப்பா. அப்புறம் ஏன்னு தெரியல, ஒரு நாளு வரல. வயிறு நெறஞ்சிருச்சோ என்னமோ."

"ஒங்களைக் கூட்டிட்டுப் போயிருவான்னு நான்..."

"கூட்டிட்டா? அவளாலதான்டி நான் இருந்தேன்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கருவாடு சுடுகிற வாசம் வரவில்லை.

*

மறுநாள் காலை மஸ்டரில் பேர் கொடுக்கப் போகவில்லை மைனி. என் வாசலுக்கு வந்தாள். புது உப்பை மடியில் வைத்து மூடியிருந்தாள். அவர் மொக்கையனிடம் வாங்கி ஒளித்து வைத்திருந்ததாம்.

"இதையும் அந்தப் பானையில போட்டுரு."

"எத்தனை நாளைக்குங்க மைனி?"

"இருக்கிற வரைக்கும்."

நான் அதை வாங்கிப் பானையில் கொட்டி மூடினேன். எட்டாம் நாள் சோறு வைக்க நான் சொன்ன யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

மத்தியானம் மஞ்சு இறங்கிற்று. மாடுகள் இரண்டும் கொட்டகையில் எழுந்து நின்றுகொண்டன. அந்தப் பக்கம் சோறு வடிக்கிற சத்தம். பிறகு தரையில் தட்டு வைக்கிற சத்தம். ஒன்று. இரண்டு. கொஞ்சம் நின்று, மூன்றாவது.

"ஏட்டி, அது யாருக்கு?" என்றார் அண்ணன். மூச்சு இரைக்கிற குரல்.

சோறு போடுகிற சத்தம் மூன்று தடவை கேட்டது. வாசல் கதவை முழுக்கத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்தாள். மஞ்சு அந்த வீட்டுக்குள் போய், சுவருக்கு மேலே இருக்கிற ஒரு முழ இடைவெளி வழியாக எங்கள் வீட்டில் இறங்கத் தொடங்கியது. நான் உப்புப் பானையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டேன்.

"யக்கா," என்றாள் மைனி. "உப்பு போடலக்கா. சத்தியமாப் போடல. வந்து அவரு பக்கத்துல ஒக்காரு."